அந்தி மணி அடித்தவன்

தம்பி,

பதினான்காவது கேள்வியை ஏன் வெறுமையாக விட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய். மற்ற எல்லாவற்றுக்கும் வாய் ஓயாமல் பதில் சொன்ன நான் அதற்கு மட்டும், "அதை விடு, பிறகு பாப்பம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மூன்று சனிக்கிழமைகள் ரெய்னர்ஸ் லேனிலிருந்து மோர்டனுக்கு ரெயின் மாறி மாறி வந்து, நான் தமிழில் சொல்லச் சொல்ல இங்கிலீசில் அடித்துத் தந்த பிள்ளை நீ. உனக்கு ஒரு பதில் தர வேண்டியவள் நான். வருகிற சனிக்கிழமை நான் வேதாகமத்தில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டால், அங்கே சொன்னதை வெளியில் ஒருவரிடமும் சொல்ல முடியாது. அதுதான் திருச்சபை விசாரணையின் ஒழுங்கு. இன்றைக்கு வியாழக்கிழமை. இன்னும் சத்தியம் செய்யவில்லை. அதனால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன் மாமாவை நீ கண்டதில்லை. அவர் சுடப்பட்டபோது நீ என் வயிற்றில் ஏழு மாதம். மன்னார்க் கரையில் ஒரு சின்னக் கோயில் பங்கில் சுவாமியாராக இருந்தவர், எனக்கு மூத்தவர், எனக்கு இருந்த ஒரே அண்ணை. சண்டைக் காலத்தில் செத்த அவரை விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த வேதசாட்சி என்று உரோமை ஏற்றுக்கொண்டால், அருளாளர் என்று கோயிலில் பெயர் சொல்லிக் கும்பிடலாம். அதற்காகத்தான் ஊர் மறைமாவட்டத்திலிருந்து ஒரு குருவானவர் லண்டனுக்கு வந்து, கண்ட சாட்சிகள் எல்லோரையும் விசாரிக்கிறார். வேதசாட்சிக்குப் புதுமை, அற்புதம் என்று ஒன்றும் காட்டத் தேவையில்லையாம். ஆனால் விசுவாசத்துக்காகக் கொன்றார்களா, அவர் அந்தச் சாவை மனதோடு ஏற்றுக்கொண்டாரா என்று தோண்டித் தோண்டிக் கேட்பார்கள். பதினான்காவது கேள்வி உனக்கு மனப்பாடமாக இருக்கும். "இறக்கும் முன் தன்னைக் கொன்றவர்களைப் பற்றியும் அதற்கு உடந்தையானவர்களைப் பற்றியும் அவர் என்ன சொன்னார்?" அவர் சாகும்போது பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான். நான் பதில் எழுதாவிட்டால் அந்தக் கேள்விக்கு உலகத்தில் பதில் இல்லை.

நீ 'சூசை அங்கிள்' என்று கூப்பிடும் மனிதனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சூசைப்பிள்ளை. ஞாயிறு தமிழ்ப் பூசைக்கு எல்லோருக்கும் முன்னம் வந்து கதிரை அடுக்குகிறவன், திருநாளுக்குச் சுரூபம் தூக்குகிறவன், மாமாவின் வலது கையாக இருந்தவன் என்று பங்கு முழுக்கப் பெயர் எடுத்தவன். "எண்பது வயசு மனிசனை அவன் இவன் எண்டு சொல்லாதேங்கோ அம்மா" என்று எத்தனை தரம் என்னைக் கண்டித்திருக்கிறாய். முகத்துக்கு நேரே நானும் அண்ணை என்றுதான் சொல்வேன். இந்தக் கடிதத்தில் அவன்தான். இதையாவது எனக்கு விட்டுத் தா.

அந்த மாதம் எங்கள் கோயிலில் பூசை வைக்கக் கூடாது, ஆட்களைக் கூட்டக் கூடாது என்று துவக்கோடு வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எந்தத் துவக்கு என்று விசாரணையில் சொல்வேன், இங்கே வேண்டாம். எல்லாத் துவக்கும் எங்களுக்கு ஒரே மாதிரித்தான் இருந்தது. மாமா கேட்கவில்லை. கோயில் மண்டபத்தில் அகதியாகக் கிடந்த எழுபது எண்பது சனத்துக்குப் பூசை இல்லாமல் இருக்க முடியாது என்றார். பகலில் உப்பளத்துப் பக்கம் ஒரு கொட்டிலில் ஒளிந்திருப்பார். பின்னேரம் சூசைப்பிள்ளை கோயிலைத் திறந்து, சுற்றிவரப் பார்த்து, பயமில்லை என்றால் ஆறு மணிக்கு, அந்திச் செபத்துக்கான திரிகால மணி அடிப்பான். மணி கேட்டால் மாமா வருவார். கேட்காவிட்டால் வரமாட்டார். இந்த ஏற்பாடு மாமா, அவன், நான், மூன்று பேருக்குத்தான் தெரியும். இருபத்து மூன்று நாள் இப்படியே பூசை நடந்தது.

இருபத்து நாலாம் நாளும் மணி அடித்தது. நான் மண்டபத்துக்குப் பின்னால் அடுப்பில் தண்ணி வைத்துக்கொண்டிருந்தேன். மணி கேட்டதும், அப்பாடா, அண்ணை வரப்போகிறார் என்று சீனியை எடுத்தேன். அந்தச் சீனிப் பேணியை இன்றைக்கும் கண்ணுக்கு முன்னால் பார்க்கிறேன். கொஞ்ச நேரத்தில் வெடி கேட்டது, இரண்டு. சனம் வெளியே ஓடியது, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன். அவர்கள் போய்விட்டிருந்தார்கள். மாமா படியில் கிடந்தார். மணிக்கயிற்றைப் பிடித்தபடி சூசைப்பிள்ளை நின்றான், பக்கத்தில் அவனுடைய எட்டு வயது மகள், காதிலிருந்து அவனுக்கு இரத்தம் வழிந்தது. என்னைக் கண்டதும் கயிற்றை விட்டான். மணி தானாக இன்னும் ஒரு தரம் அடித்தது.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும் தம்பி, என்னை விசரி என்று நினைக்காதே. பிள்ளையின் தலையில் துவக்கை வைத்து, மணியை அடி என்றிருக்கிறார்கள். முதலில் மாட்டேன் என்றிருக்கிறான், அவன் இடது காதில் துவக்குப் பிடியால் இடித்திருக்கிறார்கள். பிறகு அடித்தான். அன்று தொட்டு அந்தக் காது கேட்காது. நான் அந்த இடத்தில் இருந்து, நீ பிறந்து எட்டு வயதுப் பிள்ளையாகப் பக்கத்தில் நின்றிருந்தால், நானும் அடித்திருப்பேன். பத்துத் தரம் அடித்திருப்பேன். இது எனக்குத் தெரியாமல் அவனைப் பகைத்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். தெரிந்துகொண்டுதான் பகைத்தேன். அவனுக்கு மகள் மிஞ்சினாள், எனக்கு அண்ணை மிஞ்சவில்லை. அவ்வளவுதான் என் நியாயம், வேறு நியாயம் என்னிடம் இல்லை.

மாமாவைப் பூசை உடுப்பு மாற்றும் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய் என் மடியில் கிடத்தினேன். சூசைப்பிள்ளையை மகளோடு தூரத்துக் கிணற்றுக்குப் போய்த் தண்ணி எடுத்து வா என்று கலைத்துவிட்டேன். முக்கால் மணித்தியாலம் உயிர் இருந்தது. வலியில் ஒரு தரம்கூடக் கத்தவில்லை. கடைசியாக என் கையைப் பிடித்து அவர் சொன்னதை, உன் அப்பா இருந்தவரை அவரிடமும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதன்முதல் சொல்கிறேன். "சுட்ட பிள்ளையளை நான் மன்னிச்சிட்டன். மணி அடிச்சது சூசையண்ணை எண்டும் எனக்குத் தெரியும். அவரில எனக்குக் கோபமே இல்லை. அவரட்டைச் சொல்லு. கட்டாயம் சொல்லு தங்கச்சி, அந்த மனிசன் தாங்கமாட்டார்." ஓம் எண்டு சொல்லு என்பதுபோல என்னைப் பார்த்தார். "ஓம் அண்ணை, சொல்லுறன்" என்றேன். சூசைப்பிள்ளை செம்பில் தண்ணியோடு வந்தபோது அவர் போய்விட்டார்.

சொல்லவில்லை. இதுதான் பதினான்காவது கேள்வி.

முதல் தரம் அவன் கேட்டது அகதி முகாமில், மாமாவை அடக்கம் பண்ணி ஒரு கிழமைக்குள். "தங்கச்சி, சுவாமியார் கடைசியா என்னைப் பற்றி ஏதும் சொன்னவரோ?" பயந்து பயந்து கேட்டான். ஒரு வசனம் சொன்னால் போதும், அந்த மனிதன் நிமிர்ந்திருப்பான். "ஒண்டும் சொல்லேல்லை" என்றேன். அவன் முகம் விழுந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆறுதலை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆமாம், ஆறுதல். கையில் துவக்கு இல்லாத பொம்பிளை நான், வயிற்றில் பிள்ளையோடு, போலீசும் இல்லை, கோடு கச்சேரியும் இல்லை. அவனுக்குக் கொடுக்கத் தண்டனை என்று என்னிடம் இருந்தது அந்த ஒரு வசனம்தான். கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். அவன் மணி அடித்ததை ஊருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாலு பேர் ஏசியிருப்பார்கள், நாலு பேர் பாவம் என்றிருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். அது முடியக் கூடாது என்று நினைத்தேன்.

பிறகு லண்டன் வந்தோம். உனக்கு நாலு வயது. ஒரு நாள் பஸ்ஸில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன், முன் சீற்றில் இருந்தவன் திரும்புகிறான், சூசைப்பிள்ளை! இத்தனை பெரிய ஊரில், கண்டறியாத அந்த ஒரு பஸ்ஸில்! எழும்பி வந்து உன் தலையைத் தடவினான். கண் கலங்கினான். இறங்குமுன் அதே கேள்வியைக் கேட்டான். நான் அதே பதிலைச் சொன்னேன். "நல்லா யோசிச்சுப் பாருங்கோ தங்கச்சி" என்றான். "யோசிச்சுத்தான் சொல்லுறன்" என்றேன். அடுத்த ஞாயிறு பூசையில் அவன் இருந்தான், அதற்கடுத்த ஞாயிறும் இருந்தான், முப்பது வருசமாக இருக்கிறான். பங்கை மாற்றுவோமா என்று உன் அப்பா ஒரு தரம் கேட்டார், நான் ஏன் அந்த மனிதனைக் கண்டு முகம் சுளிக்கிறேன் என்று விளங்காமலே. நான் ஏன் மாற வேண்டும்? அவன் ஒவ்வொரு ஞாயிறும் என்னைக் காண வேண்டும் என்றுதான் நான் மாறவில்லை.

இதில் உனக்கு நான் செய்த அநியாயம் ஒன்று இருக்கிறது. நீ பீடத்தில் உதவி செய்யத் தொடங்கி இரண்டு மாதம், ஒன்பது வயது. ஒரு ஞாயிறு வீட்டுக்கு ஓடி வந்து, சாப்பாட்டு மேசையில் கரண்டியால் கிளாசைத் தட்டிக் காட்டினாய். "அம்மா, பூசையில எழுந்தேற்றத்துக்கு, அப்பத்தைத் தூக்கேக்க, நான்தான் மணி! மூண்டு தரம், நிப்பாட்டி நிப்பாட்டி. சூசை அங்கிள்தான் பழக்கினவர்." உன் கன்னத்தில் என் ஐந்து விரலும் பதிந்தது. ஏன் என்று உனக்கும் தெரியாது, குசினி வாசலில் நின்ற அப்பாவுக்கும் தெரியாது. அடுத்த கிழமை உன்னைப் பீடத்திலிருந்து எடுத்துவிட்டேன், படிப்புக் கெடுகிறது என்று பொய் சொல்லி. ஒரு கிழமை நீ என்னோடு பேசவில்லை. பிறகு மறந்துவிட்டாய் என்று நினைத்தேன். போன சனிக்கிழமை, திரிகால மணி என்ற சொல்லை இங்கிலீசில் அடிக்கும்போது உன் கை கொஞ்சம் நின்றதைக் கண்டேன். நீ மறக்கவில்லை. தம்பி, அந்த அடி உனக்கு வர வேண்டிய அடி இல்லை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். பழிவாங்க நினைக்கிறவர் முதலில் செய்ய வேண்டியது, பிள்ளைகளை அந்த இடத்திலிருந்து தள்ளி வைப்பது. எனக்கு அது தெரியவில்லை. உனக்குப் பிள்ளை பிறந்தால் இதை நினைவில் வை.

இப்போது இந்த வருசக் கதைக்கு வருகிறேன். விசாரணை என்று அறிவித்த உடனே சூசைப்பிள்ளைக்குக் கால் நிலத்தில் படவில்லை. மாமாவின் பழைய படம் ஒன்றை எங்கேயோ தேடி எடுத்து, பெரிதாக அச்சடித்து, தலையைச் சுற்றி ஒளிவட்டம் வேறு போட்டு, கோயிலின் பக்கவாட்டில் அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். முன்னால் மெழுகுதிரி, பூ. சனமும் முழங்காலில் நிற்கத் தொடங்கியது. முதல் ஆளாக முழங்காலில் நிற்கிறவன் அவன்தான். எனக்குப் பற்றி எரிந்தது. ஆனால் எனக்கு ஒன்று தெரியும், விசாரணைக்காரர் அனுப்பிய ஒழுங்குத் தாளை நீதானே வாசித்துக் காட்டினாய்: திருச்சபை சொல்லுமுன் ஒருவரைப் புனிதர் மாதிரி வைத்து வணங்கக் கூடாது, வணங்கினால் விசாரணைக்கே கேடு. விசாரணைக் குருவானவர் முதல் தரம் வந்த ஞாயிறு, பூசைக்கு முன் அவரிடம் போய், "பாதர், அந்தப் பக்கம் ஒருக்காப் பாருங்கோ" என்று நான்தான் காட்டிக் கொடுத்தேன். பூசை முடிவில் அவர் எல்லோருக்கும் முன்னால் கேட்டார், "இதை ஆர் வைச்சது?" சூசைப்பிள்ளை எழும்பினான். "நல்லெண்ணத்தில செய்திருப்பியள், ஆனா உங்கட சுவாமியாருக்கு நீங்களே தடையா நிக்கிறியள். இப்பவே கழட்டுங்கோ" என்றார். அவ்வளவு சனத்துக்கு நடுவில் அவன் கதிரையில் ஏறி, அந்தப் படத்தைக் கழற்றினான். ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. பல வருசத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் சந்தோசமாகப் பூசையிலிருந்து வீட்டுக்கு வந்தேன். உனக்கும் ஆட்டிறைச்சிக் கறி காய்ச்சித் தந்தேன், நினைவிருக்கும். என்ன விசேசம் என்று கேட்டாய்.

அன்று பின்னேரமே நீ போன பிறகு அவன் வந்தான். படத்தைப் பெட்சீற்றில் சுற்றிக் கையில் வைத்திருந்தான். "எனக்கு இதை வைச்சிருக்கத் தகுதியில்லை தங்கச்சி, நீங்கள் வைச்சிருங்கோ" என்றான். உள்ளே வா என்று சொன்னேன், சொல்லாமல் முடியாது. வலது காது என் பக்கம் வரும்படி கதிரையைத் திருப்பி இருந்தான். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை. "உங்களுக்கு வைச்ச அதே சனிக்கிழமை எனக்கும் விசாரணை. மணி அடிச்சது நான் எண்டு சொல்லப்போறன். உங்களுக்குத் தெரிஞ்சும் இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லாம என்னைக் காப்பாத்தினீங்கள்" என்றான். பார், நான் அவனைக் காப்பாற்றினேனாம்! எனக்குச் சிரிப்பு வந்தது. தன் மகள் லண்டனிலேயே ஃபாரஸ்ட் கேட் பக்கம் இருக்கிறாள், அன்று தொட்டு எந்தக் கோயில் வாசலும் மிதிப்பதில்லை, மணிச் சத்தம் கேட்டால் காதைப் பொத்துகிறாள் என்று சொன்னான். பிறகு குடிக்காத கோப்பையைத் தள்ளி வைத்தான். "கடைசியா ஒருக்காக் கேக்கிறன். அவர் என்னைப் பற்றி..." என்று தொடங்கினான். முடிக்க விடவில்லை. "ஒண்டும் சொல்லேல்லை அண்ணை" என்றேன். மூன்றாம் தரம். பேதுரு இயேசுவைத் தெரியாது என்றதும் மூன்று தரம்தான் என்று நீ சொல்ல வருவாய், சொல்லாதே, எனக்கும் சுவிசேசம் தெரியும்.

ஆக, தம்பி, என்னை நன்றாக மடக்கிவிட்டார் உன் மாமா. அவர் மன்னித்தார் என்று நான் சொல்லாவிட்டால் அவர் வேதசாட்சி என்பது இழுபடும். சொன்னால், முப்பது வருசத்துக்கு மேலாக நான் பூட்டி வைத்ததைத் திறந்து கொடுத்தவளாவேன். இரண்டு கிழமையாக எனக்கு நித்திரை இல்லை, நெஞ்சுக்குள் வால்வு சரியில்லை என்று டொக்டர் சொன்னது இதனாலோ என்னவோ. பிறகுதான் அந்தத் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சாட்சி சொல்கிறவர் சொன்னதை வெளியில் சொல்லக் கூடாது. எழுதியதை முத்திரை வைத்து உரோமைக்கு அனுப்புவார்கள். அங்கே அது எத்தனை வருசம் கிடக்குமோ. எழுந்து நின்று சிரித்தேன். சனிக்கிழமை நான் எல்லாவற்றையும் சொல்வேன், ஒரு சொல் விடாமல், மாமா சொன்ன மாதிரியே. மாமாவுக்குச் சேர வேண்டியது மாமாவுக்குச் சேரும். சூசைப்பிள்ளை அதே கட்டடத்தில் அடுத்த அறையில் தன் முறைக்குக் காத்திருப்பான். அவனுக்கு ஒன்றும் தெரிய வராது. எண்பது வயது. உரோமை வாய் திறக்குமுன் அவன் கண் மூடிவிடும்.

உனக்கு என்மேல் வெறுப்பு வருகிறதா? வரட்டும். நான் நல்லவள் என்று உனக்குச் சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. உன் வீட்டில் சண்டை வந்தால் அன்றைக்கே பேசி முடி, சின்னக் கோபத்தை வைத்திருந்து என்ன பயன். பெரிய கோபம் வந்தால், அதை வைத்திருக்கப் பலம் இருக்கிறதா என்று பார். எனக்கு இருந்தது. வேறு ஒன்றுக்கும் பிறகு பலம் மிஞ்சவில்லை, அதையும் சொல்லி வைக்கிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் கடைசி நாள் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னபோது, நான் வேறொருவர் என் கையைப் பிடித்ததை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா சொன்னது காதில் விழவே இல்லை.

அடுத்த மாதம் எனக்கு ஒப்பரேசன். எழும்பி வருவேன் என்றுதான் டொக்டர்மார் சொல்கிறார்கள், வருவேன். வராவிட்டால் ஒரு வேலை உன்னிடம் விடுகிறேன். சொல்லுறன் என்று அண்ணைக்கு வாக்குக் கொடுத்தவள் நான், வாக்கை முறித்தவளாக அவரிடம் போக ஏலாது. அவர் சொல்லு என்றார், எப்போது என்று சொல்லவில்லை. சூசைப்பிள்ளை செத்தால் நீ போ. மகள் அழுதால் அவளை அழ விடு. எல்லோரும் கும்பிட்டு முடிந்து பெட்டி மூடுமுன், கிட்டப் போய்க் குனி. மாமா சொன்னதை மாமா சொன்ன மாதிரியே சொல்லு, கோபமே இல்லை என்றதையும் விடாதே. ஒருவருக்கும் கேட்காமல் சொல்லு.

இடது காது அவனுக்குக் கேட்காது. வலது காதில் சொல்லு.

அம்மா